சுண்டுக் கணக்கு

நாயோடு வருகிறவர்களிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு வைக்கிறனீங்கள்?" என்று கேட்டால் யாழ்ப்பாணத்து அரியாலையில் எனக்கு மூன்று பதில்கள் கிடைக்கும். "வழமையா வைக்கிறதுதான் டொக்டர்" என்பது ஒன்று. "அவன் சாப்பிடுற அளவு" என்பது இன்னொன்று. மூன்றாம் வகையினர் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக் காட்டுவார்கள். குவிந்தது தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிற கையா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கையா என்பதில் நாயின் சாப்பாடு இரண்டு மடங்காகலாம், பாதியாகவும் போகலாம்.

இதே ஆட்கள் மாட்டுக்குத் தீன் வைக்கிற விஷயத்தில் இப்படிப் பேசமாட்டார்கள். காலையில் எத்தனை லீற்றர் பால், அதற்கு எவ்வளவு தவிடு, எவ்வளவு புண்ணாக்கு, செலவு போக என்ன மிஞ்சும் என்று கேட்ட உடனே சொல்வார்கள். கோழி வளர்க்கிறவர் ஒரு குஞ்சின் கிழமைத் தீனைக் கிராமில் சொல்வார். பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தில் நாங்கள் படித்த தீவனப் பாடத்திலும் மாடும் கோழியும்தான் முன்வரிசையில் நின்றன. வருமானம் தருகிற பிராணிக்குக் கணக்கு, வாசலில் கிடக்கிற பிராணிக்குப் பானையில் மிஞ்சியது. ஊருக்கு வந்து கண்டி வீதிப் பக்கமாகச் சிகிச்சை நிலையம் நடத்தத் தொடங்கியபோது கொழுத்த நாய், முழங்கால் தேய்ந்த நாய், கால் வளைந்த குட்டி, ஈரல் கெட்ட நாய் என்று என் மேசைக்கு வந்தவற்றில் பல அந்தப் பானையிலிருந்தே வந்தன. மருந்து எழுதுவதைவிடச் சோற்றை அளந்து கொடுப்பதே என் தொழிலின் பெரும்பகுதி ஆனது அப்படித்தான்.

தராசில் ஏற்றுவதற்கு முன் நாயின் விலாவில் கை வைப்பேன். எடை மட்டும் ஒன்றும் சொல்லாது. 16 கிலோ ஒரு நாய்க்குச் சரி, எலும்பு சிறுத்த இன்னொரு நாய்க்கு 4 கிலோ கூட. விரல் நுனியால் மெல்லத் தடவும்போது விலா எலும்புகள் ஒவ்வொன்றாக அகப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலே ஏற வேண்டும். வீட்டுக்காரருக்கு விளங்க அவர்களுடைய கையையே பிடித்துக் காட்டுவேன். முஷ்டி மடக்கிய கையின் மொளிகளைத் தடவினால் வருவது மெலிந்த நாயின் விலா. கையை நீட்டிப் புறங்கையைத் தடவினால் வருவது சரியான விலா. உள்ளங்கையைத் தடவி எலும்பைத் தேட வேண்டியிருந்தால் நாய் கொழுத்துவிட்டது. இந்தத் தடவலுக்கு 1 முதல் 9 வரை புள்ளி போடும் முறையை 1997இல் டொற்றி லஃப்லாம் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்துத் தந்தார். 4, 5 என்றால் சரி. 5க்கு மேலே ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10 சதவீத மிகை எடை.

இந்த இடத்தில்தான் முதல் வாக்குவாதம் வரும். எங்கள் ஊர்நாய்க்கு மயிர் குட்டை. சரியான எடையில் இருக்கும் ஊர்நாயின் கடைசி இரண்டு விலா வெளியே கொஞ்சம் தெரியும். "விலா தெரியுது டொக்டர், பட்டினி போடுறம் எண்டு சனம் கதைக்கும்" என்பார்கள். நாயின் உடம்பில் குடும்பத்தின் மானம் ஏறி நிற்கிறது. பொமரேனியன் வைத்திருப்பவருக்கு நேர்மாறான சிக்கல். சடைக்குள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. குளிக்க வார்த்து மயிர் ஒட்டிய பிறகுதான் உடம்பு தெரியும். கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள் என்று இரண்டு பேருக்கும் சொல்வேன்.

அடுத்தது எடை. வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு இருந்தால் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியே ஏறி, கழித்துக்கொள்ளலாம். கடற்கரைப் பக்கத்தில் மீன் நிறுக்கிற தொங்கு தராசில் உரப்பையைக் கட்டிக் குட்டியை நிறுத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. எப்படி நிறுத்தாலும் ஒவ்வொரு முறையும் அதே தராசு என்றால் போதும்.

எடை கையில் வந்ததும் கணக்குத் தொடங்கும். பெரிய நாய்க்குக் கூட, சின்ன நாய்க்குக் குறைய என்பது யாருக்கும் தெரியும். எவ்வளவு கூட என்பதுதான் கேள்வி. 1883இல் ஜேர்மனியில் மக்ஸ் றுப்னர் சிறிதும் பெரிதுமான நாய்களை வைத்து அளந்து, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சிறிய நாய்தான் கூடுதலாக எரிக்கிறது என்று காட்டினார். சிறிய உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்புக் கூட. சூடு வெளியேறுவதும் கூட என்பது அவர் விளக்கம். 1932இல் கலிபோர்னியாவில் மக்ஸ் கிளைபர் எலியிலிருந்து எருது வரை அளவீடுகளை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து, தேவை எடையின் முக்கால் அடுக்கோடு ஏறுகிறது என்ற முடிவுக்கு வந்தார். இன்றைக்கும் நாங்கள் பாவிப்பது அதைத்தான்.

முக்கால் அடுக்கு என்றால் பயப்படத் தேவையில்லை. கைத்தொலைபேசியிலே செய்யலாம். எடையை மூன்று முறை பெருக்குங்கள். வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தரம் அமத்துங்கள். வந்ததை 70ஆல் பெருக்குங்கள். 16 கிலோ ஊர்நாயை எடுத்துக்கொள்வோம். 16ஐ மூன்று முறை பெருக்கினால் 4096. ஒரு வர்க்கமூலம் 64, மறு வர்க்கமூலம் 8. எழுபதால் பெருக்க 560. இந்த நாய் ஒன்றும் செய்யாமல் நிழலில் படுத்திருக்க ஒரு நாளைக்கு 560 கலோரி வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கூட வந்திருந்தால் இந்த வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுவேன். வீட்டில் அடுத்த மாதம் திரும்பக் கணக்குப் பார்க்க ஓர் ஆள் தயாராகிவிடும்.

இதே கணக்கில் 4 கிலோ பொமரேனியனுக்கு 198 வரும். 32 கிலோ லப்ரடோருக்கு 942. எடை எட்டு மடங்கு, சாப்பாடு ஐந்து மடங்குகூட இல்லை. "சின்னனுக்கு அரைக் கோப்பை எண்டால் பெரிசுக்கு நாலு கோப்பைதானே" என்று வீடுகளில் பெருக்குகிற கணக்கு பெரிய நாய்களைக் கொழுக்க வைப்பது இதனால்தான்.

படுத்திருக்கும் தேவையை நாயின் சீவியத்தைப் பார்த்துப் பெருக்க வேண்டும். கருத்தடை செய்த சாதாரண வீட்டு நாய்க்கு 1.6, செய்யாத, ஓடித்திரிகிற நாய்க்கு 1.8, பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்து இரவில் வளவுக்குள் மட்டும் அவிழ்த்து விடப்படுகிற நாய்க்கு 1.2 முதல் 1.4. ஆக அதே 16 கிலோ நாய்க்கு 670 கலோரியும் சரியாகலாம், 1000 கலோரியும் சரியாகலாம். புத்தகம் இங்கே முடிந்துவிடும். படலைக்குள் போய்ப் பார்த்தால்தான் மிச்சம் தெரியும். மணியந்தோட்டத்தில் வள்ளம் இழுக்கிற இடத்துக்கும் வீட்டுக்குமாக நாள் முழுக்க ஓடுகிற நாயும், மதில் கட்டிய வீட்டில் கேற்றுக்குப் பின்னால் படுத்திருக்கிற நாயும் தராசில் ஒரே எடை காட்டலாம். ஒரே சீவியம் சீவிக்கிற இரண்டு நாய்களுக்கிடையிலும் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் சாதாரணம்.

கருத்தடைக்குப் பிறகு நாய் கொழுப்பது ஊசியாலோ கத்தியாலோ அல்ல. எரிப்பது குறைகிறது, பசி கூடுகிறது, சட்டி மாறாமல் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு வந்த நாயைத் திருப்பி அனுப்பும்போதே ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

கலோரி என்று சொன்னால் தலையாட்டுவார்கள். படலை தாண்டும்போது மறந்துவிடும். சுண்டு என்று சொன்னால் நிற்கும். யாழ்ப்பாணத்துக் குசினிகளில் அரிசி அளக்கிற சுண்டு, ரின்பால் பேணியின் அளவு. அரிசி ஏறத்தாழ 200 கிராம் பிடிக்கும். ஒரு சுண்டு பச்சை எடையில் 700 கலோரி. எனவே அரைச் சுண்டு 350. இந்த 350ஐ ஓர் அலகாக வைத்துக்கொண்டால் குசினியில் உள்ள மற்றவற்றையும் அதற்குள் அடக்கலாம். கடையில் விற்கிற உலர்ந்த நாய்ச்சாப்பாடு 100 கிராம் அரைச் சுண்டு அரிசிக்குச் சமம். 450 கிராம் வருகிற ஒரு றாத்தல் பாண் 1200 கலோரி. கால் றாத்தல் 300. தேங்காய்ப்பூ 100 கிராம் போனால் அதுவும் 350. புட்டு என்று சொல்லிச் சாதாரணமாக வைப்பதற்குள் அரிசிமாவும் தேங்காயும் சேர்ந்து இருக்கின்றன என்பதைச் சொன்னால் ஆச்சிமார் சிரிப்பார்கள். மாரி பிஸ்கற் ஒன்று 25 முதல் 30. முட்டை 75.

கருத்தடை செய்த 16 கிலோ வீட்டு நாய்க்கு 1.6ஆல் பெருக்க வரும் 900 கலோரியை நான் இப்படிப் பிரித்து எழுதுவேன். அரைச் சுண்டு அரிசிச் சோறு. கால் கிலோ மீன் சதை, அல்லது தோல் நீக்கிய கோழி. ஒரு முட்டை. ஒரு பிடி பூசணியோ கரட்டோ அவித்து மசித்தது. இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய். நல்லெண்ணெய் என்று குறித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. தோலுக்கும் மயிருக்கும் வேண்டிய லினோலெயிக் அமிலம் அதில் தாராளம், தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. முட்டைக் கோதைக் காயவைத்து மாவாக இடித்து அரைத் தேக்கரண்டி சேர்க்க வேண்டும்; சோற்றிலும் சதையிலும் சுண்ணாம்புச் சத்து இல்லை. வருடக்கணக்காக வீட்டுச் சோறே தின்னும் நாய்க்கு இதோடு ஒரு விற்றமின், கனிமத் தூளும் வேண்டும். மீனுக்குப் பாசையூர்ச் சந்தையில் சூடையோ கீரியோ மலிந்த நேரம் பார்த்து வாங்கி, அவித்து, முள் நீக்கிப் பொதியாக்கி வைத்துக்கொள்ளலாம்.

"சோறு நாய்க்கு ஆகாதாம், வெளிநாட்டில இருந்து மகன் சொன்னவன்" என்று சிலர் வருவார்கள். 2013இல் 'நேச்சர்' இதழில் சுவீடன் ஆய்வாளர்கள் ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டு எழுதினார்கள். மாப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ் நொதியத்துக்கான மரபணு ஓநாயில் இரண்டு பிரதிதான். நாயில் 4 முதல் 30 வரை. மனிதன் பயிர் செய்து தின்றதை அவன் காலடியில் கிடந்து தின்று மாறிய வயிறு இது. நாய்க்குச் சோறு ஆகும். சோறும் குழம்புத் தண்ணியும் மட்டும் என்றால்தான் ஆகாது. அரியாலையில் நான் பார்த்த மயிர் கொட்டின, தசை வற்றின, ஆனால் வயிறு மட்டும் வைத்த நாய்களில் பல கலோரியில் குறைவில்லாதவை, புரதத்தில்தான் குறைந்தவை.

குழம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வெங்காயம் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் பெருமை. நாயின் இரத்தச் சிவப்பணுவை அது உடைக்கும். கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் போனால் இரத்தத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். 4 கிலோ நாய்க்கு 60 கிராம் என்பது ஒரு பிடி வெங்காயம். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேரும். திராட்சைப் பந்தல் உள்ள வீடுகளில் உதிர்ந்த பழம் இன்னொரு ஆபத்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் டாட்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்காவின் விலங்கு நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய உண்டு. எனவே என் சீட்டில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: வெங்காயம் போட முன்னம், புளி விட முன்னம் நாயின் பங்கை எடுத்து வைக்கவும்.

ஆடி, ஆவணியில் நல்லூர்க் கொடி ஏறினால் இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் ஆடும். 25 நாள் திருவிழா முடியும்வரை அரியாலையில் பல வீடுகளில் மச்சம் நுழையாது. வீடு சைவமென்றால் நாயும் சைவம். செவ்வாய், வெள்ளியிலும் கந்தசட்டியிலும் இதே கதை. ஒன்றிரண்டு நாள் என்றால் ஒன்றுமில்லை. 25 நாளுக்கு வெறுஞ்சோறும் சொதியும் என்றால் தசை இறங்கும். "நாய்க்கு மட்டும் மீன் அவியுங்கோ" என்று சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை; சொன்னாலும் நடக்காது. பருப்பையும் கௌபியையும் கணக்குக்குள் கொண்டு வருவேன். இரண்டிலும் 100 கிராமில் 24 கிராமளவு புரதம். மீனும் முட்டையும் நிற்கும் நாட்களில் அரைச் சுண்டு அரிசியோடு அரைச் சுண்டுப் பருப்பு, நன்றாக அவித்து மசித்து, தயிர் கொஞ்சம் சேர்த்தால் 16 கிலோ நாய் திருவிழாவைத் தாண்டும். சோயாவும் ஆகும், ஆனால் சுவையூட்டாத சோயா வேண்டும். பக்கற்றுக்குள் வருகிற மசாலாத் தூளில் வெங்காயமும் உள்ளியும் உப்பும் இருக்கும்.

2022இல் ரூபாய் விழுந்தபோது இந்தப் பருப்புக் கணக்கு வேறு வழியில் உதவிற்று. உலர்ந்த சாப்பாட்டுப் பக்கற்றின் விலை சாதாரண வீட்டுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்ததால் மீனும் ஏறியது. அதுவரை "எந்தப் பக்கற் நல்லது?" என்று கேட்டவர்கள் "எதைக் குறைச்சால் தாங்கும்?" என்று கேட்டார்கள். அரிசி, கௌபி, கிடைத்த நாளில் கோழிக் கழுத்தின் சதை, ஈரல் சிறு துண்டு, முட்டைக் கோது மா என்று எழுதிக் கொடுத்தேன். பக்கற்றிலிருந்து சோற்றுக்கு இறங்கிய நாய்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. அளந்த சோறு அளக்காத பக்கற்றைவிட மேல் என்பதை அந்த வருடம் எங்கள் ஊர் தன் காசிலேயே பார்த்தது.

கணக்கில் பிழைக்கிற இடம் பெரும்பாலும் சட்டியல்ல, வீட்டில் உள்ள கைகள். ஒரு லப்ரடோர் வந்தது; 42 கிலோ, விலாப் புள்ளி 8. பிள்ளைகள் கனடாவில், வீட்டில் ஐயாவும் அம்மாவும் நாயும். "ஒரு சுண்டுச் சோறுதான் டொக்டர், அதுவும் மத்தியானம் மட்டும்" என்றார் அம்மா. பொய் இல்லை. ஒரு நாள் முழுக்க நாயின் வாய்க்குள் போவதை எல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். காலைத் தேத்தண்ணியோடு ஐயா கொடுக்கிற பாண், கால் றாத்தல்: 300. பிஸ்கற் பத்து: 280. மத்தியானச் சோறு: 700. மகன் காசு அனுப்பி வாங்கிக் கொடுக்கச் சொன்ன பக்கற்றில் பின்னேரம் 200 கிராம்: 700. இரவு மிஞ்சிய புட்டு: 300. கூட்டினால் 2280. அந்த நாய் இருக்க வேண்டிய எடை 32 கிலோ. வீட்டோடு கிடக்கிற கருத்தடை செய்த நாய்க்கு 1.3ஆல் பெருக்கினாலும் 1220தான் வரும். ஏறக்குறைய இரண்டு நாயின் சாப்பாட்டை ஒரு நாய் தின்றுகொண்டிருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் ஐயாவும், ஐயாவுக்குத் தெரியாமல் அம்மாவும், இருவருக்கும் தெரிந்து மகனும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கற்றின் பின்னால் உள்ள அட்டவணையைப் பார்த்துத்தான் போட்டதாக ஐயா சொன்னார். அட்டவணையில் உள்ள எடை நாய் இருக்க வேண்டிய எடை. அவர் பார்த்தது நாய் இப்போது இருக்கிற எடை. தவிர, அந்த அட்டவணை நாய் வேறொன்றும் தின்னாது என்று வைத்துக்கொண்டு போட்டது.

குறையுங்கள் என்று சொன்னபோது அம்மாவின் முகம் மாறியது. "தொண்ணூற்றைஞ்சு ஐப்பசியில வெளிக்கிடேக்க எங்கட நாயைக் கொண்டுபோக ஏலாமப் போச்சு. இருந்த சோத்தைச் சட்டியில போட்டிட்டு வந்தனாங்கள். திரும்பி வரேக்க அது இல்லை. இதுக்கும் குறைக்கச் சொல்லுறியளோ?" என்றார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கியபோது, இலட்சக்கணக்கான சனம் செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது இந்தக் கண்டி வீதியால்தான். அதற்கு முன்னே 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் எண்ணி எண்ணிச் செலவழித்த தலைமுறை இது. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டியபோதும் அதே எண்ணல். அளந்து போடுவது என்றால் அவர்களுக்குப் பஞ்சம். நிறையப் போடுவதுதான் சமாதானம். அரியாலையில் நாய்ச்சோறு அளக்கிறவர் சந்திக்க வேண்டிய பெரிய எண் இதுதான். அதைக் கிளைபரின் சமன்பாட்டுக்குள் போட ஒரு வழியும் இல்லை.

அந்த அம்மாவிடம் நான் கொழுப்பு, முழங்கால், இருதயம் என்று பேசவில்லை. ஒரு பரிசோதனையைச் சொன்னேன். அமெரிக்காவில் 48 லப்ரடோர் குட்டிகளைச் சோடி சோடியாக எடுத்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகக் கொடுத்து, சாகும்வரை பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. கூடத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 வருடம், குறையத் தின்றவற்றுக்கு 13. மூட்டுவாதமும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. "கால் பங்கு குறைச்சால் கிட்டத்தட்ட ரெண்டு வரியம் கூட உங்களோட நிக்கும் அம்மா" என்றேன். அது அவருக்கு விளங்கிற்று.

யாருடைய கையையும் நிறுத்தச் சொல்லவில்லை. விடியக்காலை ஒரு வாளிக்குள் அன்றைய முழுச் சாப்பாட்டையும் அளந்து போடுங்கள். ஐயா கொடுப்பதும் அதற்குள்ளிருந்து, அம்மா கொடுப்பதும் அதற்குள்ளிருந்து. வாளி வெறுமையானால் அன்றைய கணக்குத் தீர்ந்தது. பிஸ்கற் மாதிரிச் செல்லத்தீனும் அதற்குள்தான், அதுவும் முழுக்கணக்கில் பத்தில் ஒரு பங்குக்கு மேலே போகாமல். மெலிய வைக்கும் காலத்தில் பெருக்கல் எண் 1. இருக்க வேண்டிய எடைக்கு 940 கலோரி. பாணுக்குப் பதில் அவித்த பூசணி, வெள்ளரிக்காய். வயிறு நிறையும், கணக்கு நிறையாது. கிழமைக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் இறங்கினால் சரியான வேகம். 42 கிலோ நாய்க்கு அது 400 முதல் 800 கிராம். அடுத்த வருட விசர்நாய்த் தடுப்பூசிக்கு அந்த லப்ரடோர் 34 கிலோவோடு தானாக வாசற்படி ஏறி வந்தது.

மெலிந்த நாயைக் கொண்டுவருகிறவர்களிடம் சுண்டைப் பற்றிப் பேசவே மாட்டேன், முதலில். சரியாகத் தின்று மெலிகிற நாய்க்குச் சாப்பாட்டில் குறை இல்லை. மலத்தில் கொழுக்கிப் புழு, வட்டப்புழுவைப் பார்க்க வேண்டும். முரசு வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்க்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடித்து மெலிந்தால் நீரிழிவைப் பார்க்க வேண்டும். இவை இல்லை என்ற பிறகுதான் சோற்றைக் கூட்டலாம். பங்குனி, சித்திரை வெக்கையில் நாய் மத்தியானச் சோற்றை முகர்ந்துவிட்டுப் போவதும் நோயல்ல. விடியவும் பொழுதுபட்ட பிறகும் இரண்டாகப் பிரித்து வைத்தால் தின்னும்.

குட்டிக்கும் பெட்டைக்கும் கணக்கு வேறு. நாலு மாதம்வரை குட்டிக்குப் பெருக்கல் எண் 3. 4 கிலோ குட்டிக்கு 600 கலோரி, கிலோவுக்கு 150. வளர்ந்த ஊர்நாய்க்குக் கிலோவுக்கு 56தான். இதை நாலு நேரமாகப் பிரிக்க வேண்டும், சின்ன வயிறு ஒரேயடியாகக் கொள்ளாது. நாலு மாதத்துக்குப் பிறகு, வளர்ந்து முடியும்வரை 2. அல்சேஷன் குட்டிக்கு ஈரலும் சோறும் மட்டும் கொடுத்து முன்னங்கால் வளைந்து வருவது எங்கள் பக்கத்தில் பழைய கதை. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு தன்னையே கரைக்கிறது. அதற்காகப் பயந்து கல்சியம் மாத்திரையை அள்ளிக் கொடுப்பதும் பெரிய இனக் குட்டிகளின் எலும்பைக் கெடுக்கும். குட்டிக்கென்று செய்த பக்கற் சாப்பாடு தின்னும் குட்டிக்குக் கல்சியம் ஒரு துளியும் வேண்டாம். சினைப் பெட்டைக்கு 63 நாளில் முதல் 40 நாள் வழமையான அளவே போதும். பிறகு மெல்லக் கூட்டிக் கடைசியில் கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரை கூடப் போக வேண்டும். குட்டி போட்டு மூன்றாம் நாலாம் கிழமையில் பால் உச்சத்துக்கு வரும்போது அளவைத் தூக்கி எறிந்துவிடலாம். ஆறேழு குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு எவ்வளவு போட்டாலும் மிகையாகாது. நான் அளக்காமல் போடச் சொல்லுகிற ஒரேயொரு நாய் அதுதான்.

மற்ற எல்லா நாய்க்கும் சீட்டின் பின்பக்கத்தில் சுண்டுக் கணக்கை எழுதி, கீழே தேதி போட்டுக் கொடுப்பேன். இரண்டு கிழமை அதே அளவு. பிறகு திரும்ப நிறுத்து, திரும்ப விலாவைத் தடவ வேண்டும். எடை ஏறியிருந்தால் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம், இறங்கியிருந்தால் பத்தில் ஒரு பங்கைக் கூட்டலாம், அப்படியே நின்றால் தொடரலாம். முதல் நாள் நான் எழுதிய எண் ஒரு தொடக்கம். அதைத் திருத்துகிற வேலை நாயுடையது. திரும்பி வருகிறவர்களிடம் அதே கேள்வியைக் கேட்பேன், எவ்வளவு வைக்கிறனீங்கள் என்று. "விடிய கால் சுண்டு, பின்னேரம் கால் சுண்டு, மீன் கால் கிலோ" என்று பதில் வந்தால், அந்த நாய்க்கு நான் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. தடுப்பூசியைப் போட்டு அனுப்பிவிடுவேன்.